வில்லங்கம் இல்லாத படங்கள்: சிறுதொழில் வலைத்தளத்துக்குப் படம் தேடும் முறை

ஈரோட்டுப் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு வலைத்தளத்தைப் புதுப்பிக்கும் வேலை எனக்கு வந்தது. பழைய தளத்தை வேறு யாரோ செய்து கொடுத்திருந்தார்கள். முகப்பில் பெரிதாக ஒரு படம்: மண்சட்டி நிறைய எள், பக்கத்தில் மரக்கரண்டி, மேலே லேசாக விழும் காலை வெயில். நல்ல படம். ஆனால் கடைக்காரர் என்னை உட்காரவைத்து முதலில் காட்டியது அந்தப் படத்தை அல்ல, அதைப் பற்றி வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மின்னஞ்சலை. படம் தங்கள் வாடிக்கையாளருடையது, லைசென்ஸ் இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் இத்தனை யூரோ கட்டுங்கள் என்று அதில் இருந்தது.

"கூகுள்ல இருந்து எடுத்துப் போட்டதாம் தம்பி. அது எல்லாத்துக்கும் பொதுதானுங்களே?" என்றார்.

அந்த விவகாரம் எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவருடைய கேள்விக்குப் பதில். கூகுள் படங்களைக் காட்டுகிறது, அவ்வளவுதான். சாலையோரம் ஒரு காலி மனை தெரிகிறது என்பதற்காக அதில் கொட்டகை போட முடியாதே, அதே கதைதான். மனை வாங்கும்போது என்ன செய்கிறோம்? பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், அப்புறம்தான் முன்பணம். வலைத்தளத்துக்குப் படம் எடுப்பதும் இந்த வரிசையில் நடந்தால் பிரச்சினை வராது. நம் ஆட்கள் பெரும்பாலும் முதலில் குடியேறிவிட்டு, பத்திரத்தைப் பிறகு தேடுகிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இதற்கானது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஒருவர் கேமராவைத் தட்டிய நொடியிலேயே அந்தப் படத்துக்கு உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, படத்தின் மூலையில் வட்டத்துக்குள் 'சி' போட்டிருக்க வேண்டியதும் இல்லை. எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து மேலும் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, நடைமுறையில் பணம் கேட்டுத்தான் வருவார்கள். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. கடையின் வலைத்தளம் வைத்திருப்பவர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எண்ணுங்கள்

படத் தளங்களைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எந்தப் பக்கத்துக்கு என்ன படம் வேண்டும் என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் தேட உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் 60 படங்களை இறக்கிவைத்திருப்பீர்கள், தேவைப்பட்டது 6 ஆக இருக்கும். எண்ணெய்க் கடைக்கு எழுதியபோது 14 வந்தது: முகப்புப் படம், செக்கு ஓடும் காட்சி, 4 எண்ணெய் பாட்டில்கள், எள், கடலை, கொப்பரை, ஆமணக்கு விதை, ஒரு சமையலறைக் காட்சி, கடை முகப்பு, வேலை செய்பவர்கள், உரிமையாளர்.

இப்போது அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். உங்களிடம் மட்டுமே இருப்பவை ஒரு பக்கம். எங்கும் ஒரே மாதிரி இருப்பவை இன்னொரு பக்கம். பாட்டில், செக்கு, கடை, ஆட்கள் எல்லாம் உங்களுடையவை. இவற்றுக்கு ஸ்டாக் படம், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளப் படத் தளங்களில் தயாராக வைத்திருக்கும் பொதுப் படம், போடுவது தப்பு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. வேறு யாருடைய எண்ணெய்ப் படத்தையோ போட்டு 'எங்கள் நல்லெண்ணெய்' என்று விற்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற பிரிவுக்குள் போய் மாட்டிக்கொள்வீர்கள். ஆலிவ் எண்ணெய் ஊற்றும் படத்தைக் கடலை எண்ணெய் என்று போட்டிருக்கும் தளங்களை நானே பார்த்திருக்கிறேன். நிறத்திலேயே தெரிந்துவிடும்.

எள், கடலை, தேங்காய், சமையலறை போன்றவற்றை வெளியிலிருந்து எடுக்கலாம். ஆக 14இல் 5 அல்லது 6தான் தேட வேண்டியவை. செலவு இங்கேயே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

ஆடியில் போட்டோகிராபரைப் பிடியுங்கள்

சொந்தப் படங்களுக்கு வழி சொல்கிறேன். இன்றைய கைப்பேசி கேமராவே வலைத்தளத்துக்குப் போதும். காலை 8 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்கு மேல், ஜன்னல் ஓரமாக, டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். கொஞ்சம் செலவு செய்ய முடியும் என்றால் உள்ளூர்க் கல்யாண போட்டோகிராபர் ஒருவரை அரை நாளுக்கு அமர்த்துங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. அவர்களுடைய கேமராவும் விளக்கும் சும்மா கிடக்கும் காலம் அது. தையிலோ ஆவணியிலோ கேட்டால் தேதியே கிடைக்காதவர்கள், ஆடியில் நீங்கள் சொல்லும் விலைக்குக் கிட்டத்தட்ட வருவார்கள்.

பணம் கொடுத்து நீங்கள் சொல்லி எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான் என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்: என்ன தேதியில் எடுத்த படங்கள், எவ்வளவு பணம், வலைத்தளம், விளம்பரம், அச்சு எல்லாவற்றிலும் காலவரையறை இன்றி உலகெங்கும் பயன்படுத்தலாம் என்று. காலமும் இடமும் ஏன் முக்கியம் என்றால், உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் எண்ணெய் அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய வரி.

படத்தில் தெரியும் வேலையாட்களிடமும் ஒரு வரி ஒப்புதல் வாங்குங்கள். செக்கு ஓட்டும் அக்கா வேலையை விட்டுப்போய் எதிர்க்கடையில் சேர்ந்த பிறகும் அவர் முகம் உங்கள் முகப்பில் இருக்கும், அப்போது இந்தத் தாள் பேசும்.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்

வெளியிலிருந்து எடுப்பதில் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் சொல் 'ராயல்டி ஃப்ரீ'. அதில் ஃப்ரீ என்று இருப்பதால் இலவசம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒருமுறை பணம் கட்டிவிட்டால், ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் தனியாகக் கட்ட வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். ராயல்டிதான் இல்லை, விலை உண்டு.

இரண்டாவது, 'எடிட்டோரியல்' என்ற குறி. செய்தி, கட்டுரை, பாடம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அர்த்தம். விளையாட்டு வீரர்கள், நடிகர்கள், கூட்டம், கம்பெனி லோகோ தெரியும் கடைத்தெரு போன்ற படங்களில் இந்தக் குறி இருக்கும். காசு கொடுத்து வாங்கினாலும் உங்கள் கடை விளம்பரத்துக்குப் போட முடியாது. தீபாவளித் தள்ளுபடி பேனரில் நடிகர் படத்தைச் செருகும் பழக்கம் நம் ஊரில் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்குத் தடை போட்டது. 2023 ஜனவரியில் அவர் தரப்பு வழக்கறிஞர், பெயர், உருவம், குரல் எதையும் வணிகத்துக்கு அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று பொது அறிவிப்பே வெளியிட்டார். படம் எடுத்தவரின் உரிமை ஒன்று, படத்தில் இருப்பவரின் உரிமை வேறொன்று. முதலாவதை வாங்கியதால் இரண்டாவது வந்துவிடாது.

மூன்றாவது, கிரியேட்டிவ் காமன்ஸ், சுருக்கமாக 'சிசி'. இன்னின்ன நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம் என்று எடுத்தவரே முன்கூட்டிக் கொடுத்துவிடும் அனுமதி. இது ஒரே லைசென்ஸ் அல்ல, ஒரு குடும்பம். 'பை' என்றால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். 'எஸ்ஏ' என்றால் நீங்கள் மாற்றிச் செய்த படத்தையும் அதே லைசென்ஸில் வெளியிட வேண்டும். 'என்டி' இருந்தால் மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. பேனருக்காக எழுத்தைச் சேர்ப்பது, வேறு படத்தோடு ஒட்டுவது எல்லாம் அந்தத் தடைக்குள் வந்துவிடும். 'என்சி' இருந்தால் வணிகத்துக்கு இல்லை, ஆகவே உங்களுக்கும் இல்லை, அங்கேயே தாண்டிப் போய்விடுங்கள். 'சிசி ஜீரோ' என்றால் எடுத்தவர் தன் உரிமையை முழுக்க விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

இந்தக் குடும்பத்தில் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும், பலர் பார்ப்பதில்லை. 2013இல் வந்த 4.0 பதிப்பில், பெயர் போடாமல் விட்டது போன்ற தவறு உங்களுக்குத் தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் இழந்த உரிமை தானாகத் திரும்ப வரும். 2.0, 3.0 போன்ற பழைய பதிப்புகளில் அந்தச் சலுகை இல்லை. சின்னப் பிழையைப் பிடித்துக்கொண்டு பணம் கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் சிலர் பழைய பதிப்புப் படங்களை நம்பித்தான் இருக்கிறார்கள். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் மதுரை, தஞ்சைக் கோயில் படங்கள், நம் ஊர்ப் பயிர்கள், பலகாரங்கள் எல்லாம் நல்ல தரத்தில் உண்டு, அத்தனையும் வணிகத்துக்கு அனுமதி உள்ளவை. ஆனால் படத்தின் அடியில் 'படம்: இன்னார், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை எஸ்ஏ 4.0' என்று எழுதி, பெயருக்கும் லைசென்ஸுக்கும் இணைப்பு கொடுத்தாக வேண்டும். முகப்புப் படத்தில் இப்படி எழுதுவது உறுத்தும் என்று நினைத்தால் உள்பக்கங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசத் தளங்கள்

அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே. இந்த மூன்றும் புதியவர்களுக்குப் போதுமானவை. மூன்றிலும் வணிகப் பயன்பாடு உண்டு, பெயர் போடுவது கட்டாயம் இல்லை. பெக்ஸல்ஸும் பிக்ஸாபேயும் 2019 முதல் கேன்வா என்ற வடிவமைப்புக் கருவி நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அன்ஸ்பிளாஷை 2021இல் படம் விற்கும் நிறுவனமான கெட்டி இமேஜஸ் வாங்கியது. வாங்கியவர்கள் வியாபாரிகள் என்பதால் தேடல் முடிவுகளில் கட்டணப் படங்களும் கலந்து வரும். மேல் வரிசையில் ஐஸ்டாக் என்ற கட்டணத் தளத்தின் விளம்பரம் இருக்கும். அன்ஸ்பிளாஷில் 'பிளஸ்' குறி போட்டவை சந்தாதாரர்களுக்கு மட்டும். இலவசம் என்று நினைத்து அதன் மாதிரிப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள்.

இந்தத் தளங்களின் பலவீனம் ஒன்றே ஒன்று: யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம். அது அவருடைய படம்தானா, படத்தில் இருப்பவர் ஒப்புதல் கொடுத்தாரா என்பதற்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. எள்ளும் கொப்பரையும் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்பதால் பொருள்களின் படங்களுக்கு இந்தத் தளங்களைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். முகம் தெரியும் படங்களுக்கு நான் பயன்படுத்துவதில்லை. 2007இல் ஆஸ்திரேலியாவின் விர்ஜின் மொபைல் நிறுவனம், ஃபிளிக்கர் தளத்தில் சிசி பை லைசென்ஸில் கிடந்த ஒரு சிறுமியின் படத்தைப் பேருந்து நிறுத்த விளம்பரத்தில் போட்டது. படம் எடுத்தவர் லைசென்ஸ் கொடுத்திருந்தது உண்மை. டெக்சாஸில் இருந்த அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. குடும்பம் வழக்குப் போட்டது. அந்த ஆஸ்திரேலிய நிறுவனத்தின் மீது டெக்சாஸ் நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது, ஆனாலும் பெயர் கெட்டது கெட்டதுதான். படத்தில் இருப்பவர் கையெழுத்திட்டுத் தரும் ஒப்புதலுக்குத்தான் மாடல் ரிலீஸ் என்று பெயர். கட்டணத் தளங்களில் அது இருக்கிறதா என்பது படத்தின் விவரத்திலேயே எழுதியிருக்கும்.

மாடல் ரிலீஸ் இருந்தாலும் எல்லை உண்டு. சிரிக்கும் அந்த ஸ்டாக் மனிதரின் முகத்தைப் போட்டு, கீழே ஒரு பெயரை எழுதி, 'இந்த எண்ணெய்க்கு மாறினேன், மூட்டுவலி போச்சு' என்று வாடிக்கையாளர் கருத்தாக வெளியிடக் கூடாது. கிட்டத்தட்ட எல்லா லைசென்ஸிலும் இதற்குத் தடை. நோய், போதை, கடன் போன்ற சங்கடமான விஷயங்களோடு ஒருவர் முகத்தைச் சேர்ப்பதற்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. சர்க்கரை நோய் கிளினிக், குழந்தைப்பேறு மருத்துவமனை ஆகியவற்றுக்குத் தளம் செய்பவர்கள் அந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு நல்ல கிணறு அருங்காட்சியகங்கள். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை சிசி ஜீரோவில் திறந்துவிட்டது. 2020இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 28 லட்சம் படங்களை அதேபோல் விட்டது. கைத்தறிக் கடைக்குத் தளம் செய்கிறீர்களா? மெட்ரோபொலிட்டன் தளத்தில் சோழமண்டலக் கரையின் ஆங்கிலப் பெயரான 'கோரமண்டல் கோஸ்ட்' என்பதைப் போட்டுத் தேடிப் பாருங்கள், 18ஆம் நூற்றாண்டில் நம் கரையிலிருந்து கப்பலேறிய கையால் வரைந்த துணிகள் வரும். திறந்த அனுமதிக் குறி இருக்கும் படங்களை மட்டும் எடுங்கள். அந்தப் பூவேலைப்பாட்டைப் பின்னணியாகப் போட்ட தளத்துக்கு வேறு அலங்காரமே வேண்டாம்.

காசு கொடுத்து வாங்குவது

மனிதர்கள் உள்ள படம், முகப்புப் படம் ஆகிய இரண்டுக்கும் காசு கொடுப்பது நல்லது என்பது என் கட்சி. அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக், ஐஸ்டாக், டிரீம்ஸ்டைம், 123ஆர்எஃப் ஆகியவை பெரிய சந்தைகள். இந்திய முகங்களுக்கு 2006இல் சந்தீப் மகேஸ்வரி தொடங்கிய இமேஜஸ்பஜார் இருக்கிறது. அடோபி ஸ்டாக்கில் இலவசப் படங்களுக்கென்றே தனிப் பகுதியும் உண்டு. கட்டணத் தளத்தின் லைசென்ஸில் இலவசப் படம் கிடைக்கும் என்பதால் நான் எதையும் முதலில் அங்கேதான் தேடுவது.

விலை அடிக்கடி மாறுவதால் எண்களைச் சொல்லவில்லை, கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். தனியாக ஒரு படம் வாங்கினால் விலை அதிகம், சந்தாவில் படத்துக்கு விலை குறைவு. 'படம் ஒன்றுக்கு இவ்வளவுதான்' என்ற வரியைப் பார்த்துச் சந்தாவில் சேர்ந்துவிடத் தோன்றும். உங்களுக்கு வேண்டியது 5 படம் என்றால் 5 படத்துக்கான பொதியே லாபம். அதைவிட முக்கியம், மாதக் கட்டணம் என்று தெரிவது பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தின் மாதத் தவணை. மூன்றாம் மாதம் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான தொகையில் ஒரு பங்கை வெட்டிக்கொள்வார்கள். 'முதல் மாதம் இலவசம்' சலுகையும் பல இடங்களில் இப்படித்தான் உள்ளே இழுக்கும். எடுத்துக்கொண்டால் அன்றைக்கே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். வெளிநாட்டுத் தளம் என்றால் 18% ஜிஎஸ்டி கணக்கும் உண்டு. உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ரசீதை ஆடிட்டரிடம் சேர்த்துவிடுங்கள்.

சாதாரண லைசென்ஸே வலைத்தளத்துக்குப் போதும். அச்சுக்கு அதில் வரம்பு இருக்கும். பெரிய தளங்கள் பலவற்றில் 5 லட்சம் பிரதி, நம் நோட்டீஸுக்கு அது ஏகப்பட்டது. ஆனால் அந்தப் படத்தையே டி-ஷர்ட், காலண்டர், கோப்பை என்று அச்சடித்து விற்கப் போகிறீர்கள் என்றால் விரிவான லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும். எந்த ஸ்டாக் படத்தையும் லோகோவாக வைத்து டிரேட்மார்க் பதிவு செய்ய முடியாது. கேன்வாவில் எடுத்த படமும் அப்படித்தான்.

கேன்வா பற்றி இன்னொன்று. அதன் புரோ படங்களை உங்கள் வடிவமைப்புக்குள் சேர்த்துப் பயன்படுத்தலாம். படத்தை மட்டும் அப்படியே தனியாக இறக்கி மற்றவருக்குக் கொடுப்பதற்கு அனுமதி இல்லை.

விலை கொடுத்து வாங்கிய வேர்ட்பிரஸ் தீமில் (வலைத்தளத்துக்கான ஆயத்த வடிவமைப்பு) வரும் மாதிரிப் படங்கள் இன்னொரு குழி. தீமுக்குக் கொடுத்த பணத்தில் அந்தப் படங்கள் பெரும்பாலும் அடங்காது. விவரக்குறிப்பைப் படித்துவிட்டு வையுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

தேடும் சொல்

நம் ஊர் ஆங்கிலம் வேறு, படத் தளங்களின் ஆங்கிலம் வேறு. நல்லெண்ணெய்க்கு 'ஜிஞ்சலி' என்று தேடினால் கொஞ்சம்தான் வரும், 'செசமி' என்று தேடுங்கள். நிலக்கடலைக்கு 'கிரவுண்ட்நட்' மட்டுமல்ல, 'பீநட்'டும் போட்டுப் பாருங்கள். கத்தரிக்காய்க்கு 'பிரிஞ்சால்' தவிர 'எக்பிளாண்ட்', 'ஆபர்ஜீன்' இரண்டும். 'இந்தியன் ஃபேமிலி' என்று தேடினால் வரும் குடும்பம் வடக்கத்திக் குடும்பமாகவே இருக்கும். 'சவுத் இந்தியன்', 'தமிழ்நாடு', 'சென்னை' என்று குறுக்கினால் கொஞ்சம் நம் வீட்டு முகம் தெரியும். விவசாயி என்று தேடினால் கூம்புத் தொப்பி போட்டவர் வருவார். நம் ஆள் தலையில் துண்டு கட்டியிருப்பார், வாங்குகிறவர்களுக்கு அது ஒரே பார்வையில் தெரியும். முகம் கிடைக்கவில்லையென்றால் கையை மட்டும் காட்டும் படம் தேடுங்கள். கை எல்லா ஊருக்கும் பொருந்தும், ஒப்புதல் தலைவலியும் குறைவு.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வந்துவிட்டனவே என்று கேட்பீர்கள். ஸ்டாக் தளங்கள் சிலவற்றில் அவையும் கலந்திருக்கின்றன, நீக்கிவிட்டுத் தேட வடிகட்டி இருக்கும். என் அனுபவத்தில் அவை சேலை மடிப்பில் மாட்டிக்கொள்ளும், தமிழ் எழுத்தில் உளறும், செக்கை ஏதோ பீரங்கி மாதிரி வரையும். உணவு வியாபாரத்தில் கடையின் நம்பிக்கைதான் சரக்கு. அங்கே போலிப் படம் வேண்டாம் என்பது என் கருத்து. போதாததற்கு, கணினி தானாக உருவாக்கிய படங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு சித்திரக்கதை விஷயத்தில் முடிவு சொன்னது. நீங்கள் உருவாக்கியதைப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துக்கொண்டால் கேட்பதற்கு உங்களிடம் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கம் பார்ப்பது

படம் பிடித்துவிட்டது. இறக்குவதற்கு முன், அதே படம் வேறெங்கே இருக்கிறது என்று காட்டும் டின்ஐ தளத்திலோ கூகுள் லென்ஸிலோ போட்டுத் தேடுங்கள், இரண்டு நிமிட வேலை. இலவசத் தளத்தில் கிடைத்த அதே படம் ஒரு கட்டணத் தளத்தில் வேறு பெயரில் விற்பனைக்கு இருந்தால் யாரோ திருடி ஏற்றியிருக்க வாய்ப்பு உண்டு, விட்டுவிடுங்கள். இன்னொரு பயனும் உண்டு: உங்கள் போட்டிக் கடை அதே படத்தை ஏற்கெனவே போட்டிருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

கூகுள் படத் தேடலில் டூல்ஸ் என்பதைத் தட்டினால் யூசேஜ் ரைட்ஸ் என்ற வடிகட்டி வரும். அது வழிகாட்டிப் பலகை மட்டும்தான். பலகையை நம்பி வீடு வாங்காமல், படம் இருக்கும் பக்கத்துக்கே போய் லைசென்ஸைப் படியுங்கள்.

பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கூகுள் ஷீட் ஒன்று திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரிசை: கோப்பின் பெயர், படத்தின் எண், எடுத்த தளம், இணைப்பு, எடுத்தவர் பெயர், லைசென்ஸ், இறக்கிய தேதி, எந்தப் பக்கத்தில் இருக்கிறது. படமும் லைசென்ஸும் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து அதே கூகுள் டிரைவில் போடுங்கள். வாங்கியது என்றால் ரசீதும். கோப்பின் பெயரை மாற்றும்போது படத்தின் எண்ணை அழிக்காதீர்கள், கடைசியில் ஒட்டி வையுங்கள்.

இலவசப் படத்துக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றும். இலவசத்துக்குத்தான் அதிகம் தேவை, ஏனென்றால் ரசீது இருக்காது. அன்ஸ்பிளாஷ் 2017 வரை சிசி ஜீரோவில் இருந்தது, பிறகு சொந்த லைசென்ஸுக்கு மாறியது. பிக்ஸாபேயும் 2019இல் அப்படி மாறியது. எடுத்தவர் நாளைக்குத் தன் படத்தையே நீக்கிவிடலாம். நீங்கள் இறக்கிய அன்று இருந்த அனுமதி செல்லும், அன்று இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

வெளியாளிடம் வலைத்தளம் செய்யக் கொடுத்தால் இந்த ஷீட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். தன் கணக்கில் ஒருமுறை வாங்கிய படத்தையே ஏழெட்டு வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் கொடுக்கும் டிசைனர்கள் உண்டு; பெரும்பாலான லைசென்ஸில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக வாங்க வேண்டும். முடிந்தவரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து வாங்கச் சொல்லுங்கள். டிசைனர் ஊரை விட்டுப் போனாலும் பத்திரம் உங்களிடம் இருக்கும். இதை ஒரு டிசைனரே சொல்கிறேன், எங்களைக் கேட்கத் தயங்காதீர்கள்.

படத்தை ஏற்றும்போது அகலம் 1600 பிக்ஸல் போதும், ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் வெப்பி (webp) என்ற பட வடிவத்துக்கு மாற்றி 200 கேபிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

மின்னஞ்சல் வந்துவிட்டால்

எல்லாம் செய்தும் ஒருநாள் 'எங்கள் படத்தைப் பயன்படுத்துகிறீர்கள்' என்று கடிதம் வரலாம். பதறிப் பதில் எழுதாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். முதலில் அதில் உள்ள எந்த இணைப்பையும் தட்ட வேண்டாம். 'நீங்கள் திருடிய படங்களின் பட்டியல் இங்கே' என்று கூகுள் இணைப்புப் போலக் காட்டி, தட்டினால் கணினிக்குள் வைரஸ் இறக்கும் மோசடி உண்டு. 2021இல் மைக்ரோசாஃப்ட்டே இது பற்றி எச்சரித்தது. அனுப்பிய நிறுவனத்தின் பெயரை நீங்களே தேடி, அதன் உண்மையான தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

நிறுவனம் உண்மை என்றாலும் கோரிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கரோல் ஹைஸ்மித் தன் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்கு மக்கள் இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்தவர். அவர் தானே எடுத்த படத்தைத் தன் அறக்கட்டளையின் தளத்தில் போட்டதற்கு, 120 டாலர் கட்டச் சொல்லி அவருக்கே கடிதம் வந்தது. அவர் 2016இல் வழக்குப் போட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆகவே, 'படம் உங்களுடையது என்பதற்கும், எடுத்தவர் சார்பில் கேட்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் அனுப்புங்கள்' என்று அவர்களுக்குப் பணிவாக எழுதிக் கேளுங்கள். கூடவே உங்கள் ஷீட்டைத் திறந்து பாருங்கள். அனுமதி இருந்தால் அந்தப் பிடிஎஃப்பை அனுப்பினால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் படத்தை உடனே நீக்குங்கள். நீக்கியதால் பழைய பயன்பாட்டுக்கான கோரிக்கை மறைந்துவிடாது, ஆனால் மேலும் வளராது. தொகை பெரிதென்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

எண்ணெய்க் கடை விஷயத்தில் எங்களிடம் ஷீட்டும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. ஆதாரம் கேட்டோம், அனுப்பினார்கள், சரியாகவே இருந்தது. படத்தை எடுத்துவிட்டு, சின்னக் கடை, பழைய டிசைனர் செய்தது, அந்தப் பக்கத்துக்கு வந்து போனவர்கள் இவ்வளவு பேர்தான் என்று விவரமாக எழுதினோம். மூன்று கடிதங்களுக்குப் பிறகு கேட்டதில் பாதிக்கும் குறைவான தொகைக்கு இறங்கி வந்தார்கள். இதுவரையிலான பயன்பாடு முழுவதற்கும் சேர்த்து இத்துடன் கோரிக்கை முடிந்தது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பணம் அனுப்பினார் கடைக்காரர். "இந்தக் காசுக்கு ரெண்டு டின் நல்லெண்ணெய் ஓசியா குடுத்திருந்தாலும் நாலு பேரு வாழ்த்தியிருப்பாங்க" என்றார்.

அந்த ஆடியில் போட்டோகிராபர் வந்தார். முகப்புக்கு இப்போது இருக்கும் எள் அவர்கள் குடோனில் மூட்டை பிரித்துக் கொட்டியது, சட்டி அவர் வீட்டுச் சட்டி. ஷீட்டில் அது 2ஆம் வரிசை. முதல் வரிசையில் அந்த முடிவுக் கடிதத்தைப் போட்டு வைத்திருக்கிறோம்.